எஸ்தருக்கு நான் போட்ட வாழை இலை

சரவணா,

நீ போனில் அனுப்பிய படங்களை அப்பாவும் நானும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஏரிக்கரை, பம்ப்செட் தொட்டி, பிஞ்சு விட்டிருக்கிற மாமரம், வேப்பமரத்தடியில் போட்டு வைத்திருக்கிற கயிற்றுக் கட்டில். "வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் ஒரு வேலையும் கிடையாதும்மா. எஸ்தர் ஊருக்குப் போறோம், சாப்பிடுறோம், தூங்குறோம், காத்து வாங்குறோம். ரிலாக்ஸா இருக்கணும், அவ்ளோதான்" என்று பேசி வேறு அனுப்பியிருந்தாய். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "வேலையே இல்லாத எடத்துல போயி நான் கைய எங்க வச்சிக்கிறது?" என்றார். சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஞாயிற்றுக்கிழமையோடு போயிற்று. அன்றைக்கு நீயும் அப்பாவும் சாமி வாகனம் பார்க்கப் பெரிய காஞ்சிபுரம் போயிருந்த நேரத்தில், உன் மனைவி எஸ்தரும் நானும் சமையலறையில் என்ன பேசினோம் என்பது உனக்குத் தெரியாது. அவள் சொல்லியிருக்க மாட்டாள். சொல்ல வேண்டியவள் நான்தான்.

நேரிலேயே சொல்லலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீ "விடும்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். நானும் விட்டுவிடுவேன். விடுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் எனக்கு. அதனால்தான் எழுதுகிறேன். இன்றைக்குப் பங்குனி உத்திரம், தறி ஓடவில்லை. தெருவே ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் போய்விட்டது. அப்பா வந்து எட்டிப் பார்த்து, "அப்படி என்னாத்த எழுதிக்கினு கீறே?" என்றார். "உன் புள்ளைக்கு ஒரு உண்மை" என்றேன். "ஒண்ணுதானா? அப்ப சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு அவரே ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறி வந்து இதை உன் கையில் கொடுப்பார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

உன் கல்யாணத்தை நினைத்துப் பார். எஸ்தரின் ஊர் உத்திரமேரூரைத் தாண்டி இருக்கிறது, வீடு காலனியில் இருக்கிறது, அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று நீ ஒரே மூச்சில் சொன்ன அன்றைக்கு, அப்பா நெய்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என் முகத்தைத்தான் பார்த்தார். "பொண்ணு நல்ல பொண்ணா? அது போதும்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு நம் பிள்ளையார்பாளையத்தில் எனக்குக் கிடைத்த பெயர் கொஞ்சமா? முகம் சுளித்தவர்கள்கூட, "அந்தம்மாவுக்குப் பெரிய மனசு" என்று என் காது படப் பேசினார்கள். எனக்கு அது வெல்லமாக இனித்தது. நீ எஸ்தரின் அப்பா தேவசகாயத்திடம், "எங்கம்மா சாதியெல்லாம் பாக்க மாட்டாங்க சார்" என்று சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நானும் கூப்பினேன். மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர், விரலெல்லாம் வார்னிஷ் கறை. கும்பிட்ட கையில் நான் அந்தக் கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் தெருவில் சாயம் படியாத விரல் ஒன்று உண்டா, சொல். ஆனாலும் பார்த்தேன்.

பிறகு அவர்கள் உத்திரமேரூரில் மண்டபம் பிடித்து விருந்து வைத்தார்களே, பிரியாணி விருந்து. "ஏம்மா சாப்பிடல?" என்று நீ வந்து கேட்டதற்கு, "இன்னிக்கு எனக்கு விரதம்பா" என்றேன். எஸ்தரின் அம்மா ரூபி வந்து கேட்டதற்கு, "நாங்க சுத்த சைவம் சம்மந்தி" என்றேன். ஒரே பசிக்கு இரண்டு பொய். ரூபியம்மா பதறிப் போய், "ஐயையோ, மொதல்லயே சொல்லக் கூடாதாமா" என்று எங்கேயோ ஓடி, இரண்டு வாழைப்பழம் வாங்கி வந்து கொடுத்தார். தோலோடு இருக்கிற பழம் என்பதால் தின்றேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு கொதிக்காத வீடா நம் வீடு? நல்லியெலும்பு வாங்கி வரவில்லை என்று அப்பாவோடு சண்டை போட்டு ஒரு வேளை பட்டினி கிடந்தவள் நான். அந்த நான் சைவம்!

அப்புறம் எஸ்தர் நம் வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்தாள். அவள் சாப்பிட உட்கார்ந்தால் நான் வாழை இலை போட்டேன். உனக்கும் அப்பாவுக்கும் தட்டு, அவளுக்கு இலை. "மருமவளுக்கு எல போட்டுத்தான் பரிமாறணும்" என்று நான் சொன்னதை நீ அப்படியே நம்பினாய். கம்பெனியில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் வந்திருந்த அன்றைக்கு, "எங்கம்மா என் பொண்டாட்டிக்கு தெனம் கல்யாணச் சாப்பாடுதான் போடுவாங்க" என்று பெருமையடித்துக்கொண்டாய். முதல் தடவை போட்ட இலை மரியாதைதான், புது மருமகள். ஆனால் மூன்றாவது தடவைக்கும் முப்பதாவது தடவைக்கும் எந்த வீட்டில் மருமகளுக்கு இலை போடுகிறார்கள்? இலை என்றால் சாப்பிட்டதும் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடலாம். தட்டு என்றால் கழுவி நம் தட்டுகளோடு அடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். டீயை அவளுக்குப் பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "ஆபீஸ்ல குடிச்சிப் பழகின பொண்ணு" என்று சிரித்ததும் அதற்காகத்தான். இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்துச் செய்தேனா என்று கேட்டால், இல்லை. கை தானாகப் போயிற்று. கை தானாகப் போனதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

எஸ்தரை எனக்குப் பிடிக்கும் சரவணா. அது பொய்யில்லை. எனக்கு முட்டி வீங்கிப் படுத்திருந்தபோது ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து, நம் வீட்டிலேயே தங்கி, காலையும் மாலையும் என் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தவள் அவள். பெற்ற பெண் இருந்திருந்தால்கூட அப்படிச் செய்திருப்பாளா தெரியாது. என் காலைத் தொட விட்டேன். தட்டைத் தொட விடவில்லை. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு வெட்கம் வரவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ரூபியம்மா எங்களை ஊருக்குக் கூப்பிட்டார். முதல் வருஷம் முட்டி வலி என்று தப்பித்தேன். அடுத்த வருஷம், உத்திரம் பார்த்த கையோடு ஊர் எல்லை தாண்டக் கூடாது என்று எங்கேயும் இல்லாத ஒரு சாங்கியத்தை நானே உண்டாக்கினேன். போன வருஷம் செய்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். புடவை வியாழக்கிழமை முடிந்துவிடும், அடுத்த மூன்று நாள் தறி காலி, கண்டிப்பாக வருகிறோம் என்று அப்பா உன்னிடம் வாக்குக் கொடுத்திருந்தார். நான் புதன்கிழமையே முதலாளி கடைக்குப் போய், "அவசர ஆர்டர் ஏதாச்சும் இருந்தா எங்களுக்கே குடுங்க" என்று கேட்டு அடுத்த புடவைக்குப் பாவு நூல் வாங்கி வந்துவிட்டேன். வேலை முடிந்த வீட்டுக்கு வேலையைத் தேடிக் கொண்டு வந்தவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தறியில் ஏற்றி இழை பிணைத்ததும் உனக்குப் போன் செய்தேன். "பாவு ஏத்தியாச்சுப்பா. கோர்வைப் பொடவ. கரைக்கு நாடா தள்ள நான் பக்கத்துல உக்காந்தே ஆகணும், அவரு ஒண்டியா நெய்ய முடியாது" என்றேன். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நீயும் "சரிம்மா, ஒடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாய். அப்பா மூன்று நாளும் என்னோடு பேசாமல் நெய்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஊடு இழை ஓட்டுகிற நாடாவைப் பிடித்தபடியே, "இந்நேரம் அந்தக் கட்டில்ல உக்காந்துக்கினு இருப்பேன்" என்றார். எனக்குக் கேட்காதது போல இருந்தேன்.

இந்த வருஷம் நீ விடவில்லை. "இதுக்கப்புறம் நான் உங்கள கூப்பிட மாட்டேம்மா" என்று சொன்னாய். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப் போய்ச் சொன்னாய். அதற்குத்தான் பயந்து சரி என்றேன். உத்திரமும் புதன்கிழமையோடு முடிகிறது, தறியும் காலி, முட்டியும் நன்றாக இருக்கிறது. சரி என்று சொன்ன நிமிஷத்திலிருந்து நான் என்ன திட்டம் போட்டேன் தெரியுமா? மூன்று நாள் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் இருப்பது எப்படி என்று போட்டேன். அதை ஞாயிற்றுக்கிழமை எஸ்தரிடம் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "கோயில் இட்லி பண்ணி எடுத்துக்கலாம்மா, மந்தாரை எலையில வேக வச்சா ரெண்டு மூணு நாளானாலும் கெடாது. புளியோதரை ஒரு தூக்கு. தட்டை, அதிரசம். உங்கம்மாவுக்கு எதுக்குச் செரமம்? அப்புறம் தண்ணி கேன் ஒண்ணு கார்ல போட்டுக்கலாம், உங்க மாமாவுக்கு வெளியூர் தண்ணி ஒத்துக்காது." நான் நல்ல மாமியாராகப் பேசிக்கொண்டிருப்பதாகத்தான் எனக்கே தோன்றிற்று.

எஸ்தர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கோயிலில் கொடி ஏறியிருக்கிற நாள் என்பதால் அன்றைக்கு நம் வீட்டில் கறி இல்லை, சாம்பார். "இன்னிக்கு என்னா சாப்பாடுன்னு எங்கம்மா கேட்டா உண்மையச் சொல்லிடலாம் அத்தை" என்றாள். எனக்குப் புரியவில்லை. "எப்பவும் உண்மையத்தானேம்மா சொல்லுவே?" என்றேன். "இல்ல அத்தை. நீங்க சைவம்னு அம்மா நம்பிக்கினு இருக்காங்க இல்ல? அதனால இங்க கறிக்கொழம்பு சாப்ட்டுட்டுப் போனாலும் சாம்பார்னுதான் சொல்லுவேன்." வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. கல்யாணமான நாளிலிருந்து என் பொய்யை எனக்காக அவள் சுமந்துகொண்டிருக்கிறாள். என் கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்புறம் அவளும் அவள் போட்ட திட்டத்தைச் சொன்னாள். "சாப்பாட்டுக்கு நீங்க கஷ்டப்படாதீங்க அத்தை. அப்பா உத்திரமேரூர்ல ஒரு சைவ மெஸ்ஸுல சொல்லி வச்சிட்டாரு. வேளா வேளைக்கு வந்துடும். படுக்க, ஊர்த்தெருவுல ரிட்டயர்டு வாத்தியார் வீட்டு மாடியக் கேட்டு வச்சிருக்காரு, எங்க வீட்டுல இல்ல. தண்ணி கேனும் அங்கயே வாங்கிடுவாரு. எங்க வீட்டுல நீங்க எதையும் தொட வேணாம். நீங்களும் மாமாவும் சும்மா வந்து, கட்டில்ல உக்காந்து காத்து வாங்கிட்டு வாங்க. ரிலாக்ஸா இருங்க, போதும்." நான் மனதுக்குள் போட்ட திட்டம்தான், சரவணா. ஒன்றுகூட விடாமல், மூன்று நாளையும் எனக்காக அவர்களே போட்டு வைத்திருந்தார்கள். "உங்கப்பாவுக்கு யாரும்மா சொன்னா?" என்றேன். "யாரு சொல்லணும் அத்தை? அவரு பொறந்ததுலேந்து அந்த ஊர்லதான இருக்காரு" என்றாள்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். "அம்மாவுக்கு மட்டும் இது எதுவும் தெரியாது. வாத்தியார் வீட்டு மாடி காத்தோட்டமா இருக்கும்னு சொல்லிக்கீறோம். அப்புறம் அத்தை, அம்மா உங்களுக்கு வாழ எல போடப் போறாங்க. நம்ம வீட்டுல எனக்கு எப்பவும் எலதான்னு ஒருவாட்டி சொல்லிட்டேன். எம் பொண்ண அவ்ளோ மரியாதையா வச்சிருக்காங்களான்னு அழுதுட்டாங்க. அதனால தோட்டத்துல ஒரு மரத்துல யாரையும் கை வைக்க விடாம எல விட்டு வச்சிருக்காங்க, உங்களுக்குன்னு." "உனக்குத் தெரியுமா எஸ்தர்?" என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. "தெரியும் அத்தை." "எப்பலேந்து?" "ரெண்டாவது வாட்டி போட்டீங்களே, அப்பவே." பிறகு, "அவரு கிட்ட சொல்லிடாதீங்க அத்தை. உங்கள ரொம்பப் பெருமையா நெனச்சிக்கினு இருக்காரு" என்றாள். அவரு என்றால் நீ.

வாசலில் உன் வண்டிச் சத்தம் கேட்டது. அவளே எழுந்து உங்கள் இரண்டு பேருக்கும் தட்டு வைத்தாள். தனக்கு இலையை நறுக்கிப் போட்டுக்கொண்டாள். "வேணாம்மா, தட்டெடு" என்று நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அடுக்களையில் தட்டுக்கா பஞ்சம்? சொல்லவில்லை. நீ வந்து உட்கார்ந்து, "இன்னிக்கும் எலையா? உன் பாடு கொண்டாட்டம்தான்" என்று அவளைக் கிண்டல் செய்தாய். அவள் சிரித்தாள். நான் குனிந்து அவள் இலையில் சாம்பார் ஊற்றினேன். அந்த நிமிஷத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வேளைச் சோறும் சரியாக இறங்கவில்லை. இறங்காமல் இருப்பது ஒன்றும் பெரிய தண்டனை இல்லை என்பதும் தெரிகிறது.

உன்னையும் இதில் இழுக்க வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் ஒரு அமாவாசை அன்று, தறிக்கு லீவு என்று உன்னையும் மட்டம் போட வைத்து வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போனோம். திரும்பும்போது வழியில் உனக்குத் தாகம். வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "கொயந்த தவிக்குது பாரு" என்று கரையேறி வந்து தன் சொம்பிலிருந்து உனக்குத் தண்ணீர் ஊற்றினார். நீ மடக் மடக்கென்று குடித்துவிட்டாய். அந்த அம்மா அந்தப் பக்கம் போனதும் நான் உன் முதுகில் ஒன்று வைத்து, வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தேன். "கண்ட தண்ணியக் குடிச்சா ஜுரம் வந்துடும்" என்றேன். உனக்கு ஜுரமும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. ஆனால் நீ நம்பிவிட்டாய். அன்றிலிருந்து எங்கே போனாலும் உன் தோளில் ஒரு தண்ணீர் பாட்டில் தொங்குகிறது. மாமனார் வீட்டிலும் அந்தப் பாட்டிலிலிருந்துதான் குடிக்கிறாயாமே? இதையும் எஸ்தர்தான் சொன்னாள், நீங்கள் புறப்படுவதற்கு முன்னால், என்னை அழாதே என்று சமாதானம் செய்கிற சாக்கில். "அவருக்கு அது ஏன்னு தெரியாது அத்தை, பழக்கம். ஆனா எங்கப்பாவுக்குப் பாத்ததும் தெரிஞ்சிது." நீ ஒரு தப்பும் செய்யவில்லை. உன்னைக் கொண்டு நான் செய்துகொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஒரு வேகத்தில் பாத்திரக் கடைக்குப் போனேன். நல்ல கனமான எவர்சில்வர் தட்டாக ஒன்று எடுத்தேன். பெயர் வெட்டுகிறவர் ஊசியை வைத்துக்கொண்டு, "பேரு என்னாமா போடணும்?" என்றார். எஸ்தர் என்று சொல்ல வாயெடுத்தவள் நின்றுவிட்டேன். பெயர் போட்ட தட்டு என்றால் அது அவளுடைய தட்டு. அவளுடைய தட்டு என்றால் அது தனித்தட்டு. இலைக்குப் பதில் எவர்சில்வர், அவ்வளவுதானே? திருத்திக்கொள்ளப் போன இடத்திலும் என் புத்தி அந்தப் பக்கமே ஓடிற்று பார். "ஒண்ணும் வேணாம்பா" என்று தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். இனிமேல் அவள் வந்தால், அடுக்கில் எந்தத் தட்டு கைக்கு வருகிறதோ அந்தத் தட்டு.

நேற்று தேவசகாயத்துக்குப் போன் செய்தேன். கல்யாணமாகி இத்தனை நாளில் நானாக அவருக்குச் செய்த முதல் போன். "சொல்லுங்க சம்மந்திமா, எல்லாரும் நல்லா கீறீங்களா?" என்றார். பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "மெஸ்ஸுக்குச் சொன்னத நிறுத்திடுங்க. கேனும் வேணாம், வாத்தியார் வீட்டு மாடியும் வேணாம். உங்க வீட்டுலயே தங்கிக்கிறோம்" என்றேன். மோட்டார் சத்தம் நின்றது. "எஸ்தர் ஏதாச்சும் பேசிடிச்சாமா? சின்னப் பொண்ணு. மனசுல வச்சிக்காதீங்க" என்றார். "அவ ஒண்ணும் தப்பா பேசல. தப்பு என்னுது" என்றேன். "எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லமா. நீங்க வந்தாலே போதும்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மேல் வர வேண்டிய கோபம், அவர் மேல் வந்தது. "ஏன் வருத்தமில்ல? வருத்தப்படுங்க சம்மந்தி!" என்று கத்தினேன். அவர் மெதுவாக, "நாங்க வருத்தப்பட்டா எங்க பொண்ணு அங்க குடும்பம் நடத்தணுமே சம்மந்திமா" என்றார். இதை நீ நன்றாகப் படித்துக்கொள். பெண்ணைக் கொடுத்த வீடு வாயை மூடிக்கொண்டிருந்தால் அங்கே வருத்தமில்லை என்று அர்த்தமில்லை. உன் பெண்டாட்டி சிரிக்கிறாளே என்று நீ நிம்மதியாக இருந்தாய். இனிமேல் சிரிப்பைப் பார்க்காதே, அவள் எதில் சாப்பிடுகிறாள் என்று பார். நம் வீடாக இருந்தாலும் பார். நம் வீட்டில்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. நான் சைவம் இல்லை என்று ரூபியம்மாவிடம் நானே சொல்லிவிடுவேன், அது பெரிய காரியமில்லை, அவமானம் என்னோடு போகும். இலையைப் பற்றிச் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் தன் பெண்ணுக்கு மரியாதை கிடைக்கிறது என்று அந்த அம்மா பட்ட சந்தோஷம் போய்விடும். சொல்லாவிட்டால் நான் இன்னும் அவரை ஏமாற்றிக்கொண்டேதான் இருப்பேன். அதை முடிவு செய்கிற உரிமை எனக்கு இல்லை. எஸ்தரிடம் கேள். அவள் சொல்லச் சொன்னால் சொல்கிறேன், வேண்டாம் என்றால் அந்தப் பாரத்தை நான் தூக்கிக்கொள்கிறேன். இவ்வளவு நாள் அவள் தூக்கினாளே.

இதைப் படித்துவிட்டு, எங்களை அழைத்துப் போகக் கார் கொண்டு வர உனக்கு மனசு வராமல் போகலாம். வராவிட்டால் நியாயம்தான். ஆனால் நாங்கள் போவது நிற்காது. வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவும் நானும் உத்திரமேரூர் பஸ் ஏறிவிடுவோம். இட்லி இல்லை, புளியோதரை இல்லை, தண்ணீர் கேன் இல்லை. மாற்றுத் துணி ஒரு பை, அவ்வளவுதான். அப்பா இப்போதே தலைக்குத் துண்டு, காலுக்குப் புதுச் செருப்பு என்று தயாராக இருக்கிறார். அந்தக் கட்டிலில் அவர் உட்கார்ந்துவிட வேண்டும், எனக்கு அது போதும்.

தேவசகாயம் போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னார். "வெள்ளிக்கிழம எங்க வீட்டுல பெருசா ஒண்ணும் சமைக்க மாட்டோம் சம்மந்திமா, புனித வெள்ளி. மத்தியானம் கோயிலுக்குப் போயிட்டு வந்து கஞ்சியும் தொவையலும்தான். பரவால்லியா?" என்றார். "கஞ்சியே ஊத்துங்க" என்றேன். வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கஞ்சியை இலையில் ஊற்ற முடியாது. ரூபியம்மா எவ்வளவு நல்ல இலை விட்டு வைத்திருந்தாலும், முதல் வேளைக்கு அவர் தன் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துத்தான் எனக்கு ஊற்ற வேண்டும். யார் யாரோ குடித்த கிண்ணம். எஸ்தர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடித்ததாகக்கூட இருக்கலாம். அதில் வாய் வைக்க இந்த நிமிஷம்வரை எனக்கு மனசு கூசுகிறது சரவணா, உன்னிடம் மறைக்கவில்லை. ஆனாலும் குடிப்பேன். குடித்து முடித்ததும் அந்தக் கிண்ணத்தை நானே கழுவி, அவர்கள் பாத்திரங்களோடு சேர்த்து அடுக்கிவிட்டு வருவேன்.

உன் அம்மா